முட்டையிலிருந்தா, கழுகிலிருந்தா, கிறுக்கலிலிருந்தா? குழந்தைகளுக்குக் கற்பனைப் பறவை வரையச் சொல்லித்தரும் வழிகள்

"பாதி பறவை, பாதி டிராகன் மாதிரி ஒண்ணு வரையணும், எப்படி?" என்று ஒரு குழந்தை வந்து நின்றால், பெரியவர்கள் பெரும்பாலும் நாலு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். வீடியோவையோ அச்சிட்ட படத்தையோ முன்னால் வைத்துக் கோட்டுக்குக் கோடு பார்த்து வரையச் சொல்வது ஒன்று. வட்டம், முட்டை, முக்கோணம் என்று வடிவங்களை அடுக்கிப் பறவையாக்குவது இன்னொன்று. கழுகோ ஆந்தையோ ஒரு நிஜப் பறவையை எடுத்துக்கொண்டு உறுப்புகளை மாற்றிப் போடுவது மூன்றாவது. கண்டபடி கிறுக்கிவிட்டு அந்தக் கிறுக்கலுக்குள் பறவையைத் தேடுவது நாலாவது.

இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நான் இரண்டே கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். வரைந்து முடித்ததும் அது காலூன்றி நிற்கிற, இறக்கையை விரித்தால் பறந்துவிடும் என்று நம்ப வைக்கிற உயிராக இருக்கிறதா? அப்புறம், அது அந்தக் குழந்தையின் பறவையா, சொல்லித்தந்தவரின் பறவையா? பூனையை வரைந்தால் பூனை மாதிரி இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். உலகத்தில் இல்லாத ஒன்றுக்கு அந்த ஒப்பீடே கிடையாது. அதனால் என் கணக்கில் இரண்டாவது கேள்விக்குத்தான் எடை அதிகம். கற்பனை உயிரை வரையச் சொல்லிவிட்டுக் கற்பனையை நாமே செய்து கொடுத்துவிட்டால், குழந்தைக்கு மிஞ்சுவது கைவேலை மட்டும்தான்.

வழியைப் பார்க்கும் முன் வயதைப் பார்த்துவிட வேண்டும். பொதுவாக 3 வயதில் வட்டம் வருகிறது. 4 வயதையொட்டிக் கூட்டல் குறியும் சதுரமும், 5 வயதில் முக்கோணமும் வருகின்றன. சாய்சதுரம் 6, 7 வயது வரை பல குழந்தைகளுக்குக் கைவருவதில்லை. அதற்கும் புத்திசாலித்தனத்துக்கும் சம்பந்தமில்லை. சாய்ந்து வரும் கோட்டை நினைத்த இடத்தில் திருப்பக் கண்ணும் கையும் பழக வேண்டும், அவ்வளவுதான். நேராகப் பார்க்கும் ஆந்தையின் அலகைச் சாய்சதுரமாகப் போடச் சொல்வது பல படிப்படிப் படங்களில் வழக்கம். 4 வயதுக் குழந்தை அந்த இடத்தில் பென்சிலைக் கீழே போட்டுவிடும். அந்த வயதில் அலகுக்கு ஒரு சின்ன வளைவே போதும்.

கோட்டுக்குக் கோடு பார்த்து வரைவது

இந்த வழியை ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். "எனக்கு வராது" என்று பின்வாங்கும் குழந்தைக்கு, சொன்னபடி செய்தால் படம் வந்தே தீரும் என்கிற உறுதி பெரிய விஷயம். முதல் படம் நன்றாக வந்துவிட்டால் அடுத்த தாளை அதுவே எடுக்கும்.

சிக்கல் கோடுகளின் வரிசையில் இருக்கிறது. இப்படிப்பட்ட படங்கள் பெரும்பாலும் கண்ணில் தொடங்கி அலகு, தலை, கழுத்து, முதுகு என்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும். குழந்தை முதல் கண்ணைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டால் அந்தப் பெருக்கம் கடைசி வரை கூடவே வரும். தலையே பாதித் தாளைப் பிடித்துக்கொள்ளும். வாலுக்கு வரும்போது தாள் தீர்ந்திருக்கும். தீப்பறவைக்கு (ஃபீனிக்ஸ் என்கிற நெருப்புப் பறவைக்கு) வால் இல்லாவிட்டால் வேறு என்ன இருக்கிறது? இதற்கு ஒரு எளிய வைத்தியம் உண்டு. தொடங்கும் முன்பே உச்சந்தலை, வால்நுனி, பாதம் என்று மூன்று இடங்களில் புள்ளி வைத்துவிட வேண்டும். புள்ளியைத் தாண்டாமல் வரைவது குழந்தைக்கு விளையாட்டாகவும் இருக்கும்.

இன்னொரு குறைக்கு வைத்தியம் இல்லை. வலப்பக்கம் பார்க்கும் பறவையை வரையக் கற்ற குழந்தையிடம், "இதுவே திரும்பிப் பார்த்தால்?" என்று கேட்டால் விழிக்கும். அது கற்றது கோடுகளை. அந்தக் கோடுகளுக்கு அடியில் இருக்கும் உடம்பை இல்லை. ஏற்கெனவே உள்ள படத்தின் மேல் தாள் வைத்து எடுப்பதும், கட்டம் போட்டுப் பெரிதாக்குவதும் இதே ரகம்தான். கைக்குப் பயிற்சி கிடைக்கும். ஆனால் முதலில் ஒரு மூலப்படம் இருந்தாக வேண்டும், நம் பறவைக்கோ மூலமே கிடையாது.

முட்டையில் தொடங்குவது

ஏ4 தாளைப் படுக்கைவாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில், குழந்தையின் உள்ளங்கை அளவுக்கு ஒரு முட்டை. பறவை வலப்பக்கம் பார்க்கிறது என்றால், முட்டையின் தடித்த பக்கம் வலப்பக்கம் மேலே (அது மார்பு), குறுகிய பக்கம் இடப்பக்கம் கீழே (அங்கே வால்). எவ்வளவு சாய்க்கிறோம் என்பதிலேயே பறவையின் குணம் வந்துவிடுகிறது. நிமிர்த்தினால் காவல் நிற்கும் கம்பீரம். படுக்க வைத்தால் எங்கோ ஓடும் அவசரம். இதைக் குழந்தையிடம் விளக்க வேண்டாம். இரண்டு முட்டைகளை இரண்டு சாய்வில் போட்டுக் காட்டி, "எது கோபக்காரன்?" என்று கேட்டால் போதும்.

தலைக்கு ஒரு வட்டம், முட்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. வட்டத்தைப் பெரிதாக்கிக் கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினால் அது குஞ்சாகிவிடும். தலைக்கும் முட்டைக்கும் நடுவில் இடைவெளி விட்டு இரண்டு வளைகோடுகளால் இணைத்தால் கழுத்து. இடைவெளி அதிகமானால் அன்னத்தின் சாயல், இல்லவே இல்லை என்றால் ஆந்தையின் சாயல்.

இறக்கையில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். முதுகில் ஒட்டவைத்த இலை மாதிரி அது நிற்கக் காரணம், அதற்குள் எலும்பு இருப்பதை மறந்துவிடுவதுதான். நம் கையில் உள்ளது போலவே பறவையின் இறக்கையிலும் தோள், முழங்கை, மணிக்கட்டு உண்டு. குழந்தையை எழுந்து நின்று கைகளை மடக்கி விரிக்கச் சொல்லுங்கள். பிறகு தாளில், முட்டையின் மேல்பகுதியில் தோளுக்கு ஒரு புள்ளி. அங்கிருந்து பின்பக்கமாக முழங்கை, அங்கிருந்து முன்பக்கம் மேலே ஏறி மணிக்கட்டு, அங்கிருந்து மறுபடி பின்பக்கம் மேலே நீண்டு நுனி. வலப்பக்கம் பார்க்கும் பறவைக்கு இது ஏறக்குறைய ஆங்கில இசட் எழுத்தாக வரும். மேல்கோடு மட்டும் நீளமாக, வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும்.

அந்தக் கோட்டில் இறகுகள் மூன்று வரிசையாகத் தொங்குகின்றன. எலும்பை ஒட்டிச் சின்ன வளைவுகள், அதற்குக் கீழே நடுத்தர இறகுகள், கடைசியில் நீளமானவை. மணிக்கட்டிலிருந்து நுனி வரை உள்ளவை எல்லாவற்றையும்விட நீளம்; பெரும்பாலான பறவைகளுக்கு அவை ஒரு பக்கத்துக்குப் பத்தை ஒட்டி இருக்கும். வரையும்போது மேல்வரிசையை முதலில் முடித்துவிட வேண்டும். ஓட்டுக்கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டை மூடுவது போல, மேல்வரிசை கீழ்வரிசையின் அடியை மூடுகிறது. இந்த வரிசையில் போனால் ரப்பரே தேவைப்படாது. நீளமானவற்றை முதலில் போட்டால் அழித்து அழித்துத் தாள் நைந்துவிடும்.

இறகுகளை எண்ணிப் போடுவது சில குழந்தைகளுக்கு அலுப்பு, சிலருக்கு அதுவே ருசி. இந்தோனேசியாவின் அரசுச் சின்னத்தில் உள்ள கருடனுக்கு ஒவ்வொரு இறக்கையிலும் 17, வாலில் 8, கழுத்தில் 45 இறகுகள். அந்நாடு விடுதலையை அறிவித்த 17-8-1945 என்ற தேதியை அப்படி ஒளித்து வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டு, "உன் பிறந்தநாளை இறகில் ஒளித்து வை பார்க்கலாம்" என்றால், இறக்கையை அவசரமாக முடித்துவிட்டு ஓடப் பார்க்கும் குழந்தைகூட உட்கார்ந்துவிடும்.

கால்களுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். பின்பக்கமாக மடங்கியிருக்கும் மூட்டு முழங்கால் என்று தோன்றும்; உண்மையில் அது கணுக்கால். முழங்கால் உடம்பை ஒட்டி இறகுக்குள் மறைந்திருக்கிறது. எனவே முட்டையின் அடியிலிருந்து கால் முதலில் பின்னோக்கி இறங்கி, கணுக்காலில் மடங்கி, பிறகு முன்னோக்கி வர வேண்டும். பெரும்பாலான பறவைகளுக்கு மூன்று விரல் முன்னே, ஒன்று பின்னே. கிளிக்கும் மரங்கொத்திக்கும் இரண்டு முன்னே, இரண்டு பின்னே. பாதம் முட்டையின் நடுப்பகுதிக்கு நேர் கீழே வந்தால் பறவை நிற்கும். தள்ளிப்போனால் குப்புற விழுவது போலத் தெரியும், ஏன் என்று குழந்தைக்குச் சொல்லத் தெரியாவிட்டாலும் கண்ணுக்குப் பட்டுவிடும்.

இதோடு படிகள் முடிந்தன. அலகு, கொண்டை, வால், நகம், செதில், கொம்பு எதற்கும் படி சொல்லக் கூடாது என்பது என் கட்சி. இந்த வழியைக் கையாளும் பலர் இங்கேதான் நிறுத்தாமல், ஏழாவது படி தீப்பிழம்பு வால், எட்டாவது படி மூன்று கொம்பு என்று போய்க்கொண்டே இருக்கிறார்கள். அப்படிப் போனால் இதுவும் கோட்டுக்குக் கோடு வரைவதாகவே முடிகிறது. படிக்குப் பதில் கேள்வி கேட்கலாம். இது எதைத் தின்னும்? கிழித்துத் தின்றால் கொக்கி அலகு, விதையை உடைத்தால் தடித்த குட்டை அலகு, பூவுக்குள் விட்டு உறிஞ்சினால் ஊசி அலகு, சேற்றைச் சலித்தால் தட்டையான கரண்டி அலகு. இது துரத்துமா, துரத்தப்படுமா? ஆந்தை போல வேட்டையாடும் பறவைக்கு இரண்டு கண்ணும் முன்னே பார்க்கும். புறா போலச் சுற்றுமுற்றும் பயந்து பார்க்கும் பறவைக்குக் கண் பக்கவாட்டில். பதில் சொன்னதுமே அடுத்து என்ன வரைவது என்பது குழந்தைக்கே தெரிந்துவிடும்.

உறுப்புகளை மாற்றிப் போடுவது

பழைய காலத்துக் கற்பனை உயிர்கள் ஏறக்குறைய எல்லாமே இப்படிப் பிறந்தவைதான். கிரிஃபினுக்குக் கழுகின் தலையும் இறக்கையும், சிங்கத்தின் உடம்பும். ஐரோப்பியக் கதைகளின் காக்கட்ரைஸுக்குச் சேவலின் தலை, பாம்பு வால். பழைய ஈரானின் சாசானியர் காலக் கலையில் வரும் பறவைக்கு நாயின் முகமும் மயிலின் தோகையும். கண்டபேருண்டத்தில் வேறு விலங்கே இல்லை. ஒரே பறவைக்கு இன்னொரு தலை, அவ்வளவுதான். இவற்றைப் பார்த்தால் ஒன்று புரியும்: நினைவில் நிற்கும் உயிர்கள் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று விலங்குகளோடு நின்றுவிடுகின்றன. குழந்தையை விட்டால் யானைத் துதிக்கை, மீன் வால், மான் கொம்பு, ஆமை ஓடு என்று கையில் கிடைத்ததெல்லாம் ஏறும். தடுக்கத் தேவையில்லை. முதல் படத்துக்கு இரண்டே விலங்கு, அடுத்ததற்கு மூன்று என்று விளையாட்டு விதியாக வைத்துவிடலாம்.

இந்த வழியின் பலம், குழந்தை நிஜத்தை உற்றுப் பார்க்கிறது. பலவீனமும் அதுவே: பார்க்க ஏதாவது வேண்டும். கழுகின் பாதத்தைப் பார்க்காத குழந்தை, எல்லாப் பறவைக்கும் போடும் அதே மூன்று குச்சிகளைத்தான் கழுகுக்கும் போடும். முழுக் கழுகின் படத்தைக் கொடுத்தால் அதைப் பார்த்து அப்படியே வரைந்துவிடும் ஆபத்தும் உண்டு. படத்தில் பாதம் மட்டும் தெரியும்படி மற்றதைத் தாளால் மூடிவிட்டுக் கொடுப்பது நல்லது.

இரண்டு உடம்புகள் சேரும் இடம் வெட்டி ஒட்டியது போலத் தெரிந்தால் மொத்தப் படமும் பொய்யாகிவிடும். கழுகின் கழுத்து சிங்கத்தின் தோளில் முடியும் இடத்தில் குறுக்கே கோடு போடுவது குழந்தைகளின் வழக்கம். அந்தக் கோட்டை அழித்துவிட்டு, கழுத்தில் அகலமான இறகுகள், மார்பில் அதையே குட்டையாக, விலாவுக்கு வரும்போது மெல்லிய சிறு கோடுகளாக மாற்றிக்கொண்டே போனால் இறகு தானாக ரோமமாகிவிடும். எங்கே மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. 8, 9 வயதுக் குழந்தைகளுக்கு இதைச் செய்து காட்டினால் மாயவித்தை பார்த்த மாதிரி பார்க்கிறார்கள்.

தீப்பறவைக்கு மயில் தோகை வைக்க ஆசைப்படும் குழந்தைக்கு ஒரு தகவல்: மயிலின் தோகை அதன் வால் இல்லை. வாலுக்கு மேலே, முதுகின் அடிப்பகுதியில் முளைக்கும் இறகுகள் அவை; நிஜ வால் குட்டையாகப் பின்னால் நின்று தோகையைத் தாங்குகிறது. முட்டையின் கூர்முனையிலிருந்து தொடங்காமல், கொஞ்சம் மேலே முதுகிலிருந்து தோகையைத் தொடங்கினால் அது ஒட்டவைத்தது போலத் தெரியாது.

கிறுக்கலில் தேடுவது

கண்ணை மூடிக்கொண்டு தாள் முழுக்கக் கிரேயானைச் சுழற்றுவது, பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எங்கே தலை, எங்கே இறக்கை என்று கண்டுபிடிப்பது. கறை படிந்த சுவர்களில் மலையையும் ஆற்றையும் போர்க்களத்தையும் தேடிப் பார்க்கலாம் என்று லியொனார்டோ டா வின்சி ஓவியர்களுக்கு எழுதிவைத்தது இந்த வித்தையைத்தான். யாரும் நினைத்தே பார்க்காத உருவங்கள் இதில்தான் கிடைக்கும். 'தப்பாகிவிடுமோ' என்ற பயத்தில் உறைந்துபோகும் குழந்தைக்கு, கோட்டுக்குக் கோடு வழியைவிட இதையே முதலில் சொல்வேன். ஏற்கெனவே கிறுக்கியாகிவிட்ட தாளில் தப்பாவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

ஒரு குறை மட்டும் உண்டு. கிடைத்த பறவையை நாளைக்கு மறுபடி வரைய முடியாது. அதை வைத்து நாலு கட்டத்தில் ஒரு கதை வரைய வேண்டும் என்று குழந்தை நினைத்தால், கிறுக்கலில் கிடைத்த உருவத்தை முட்டையும் வட்டமுமாகப் பிரித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

எந்தப் பறவை, எந்தக் கருவி

4, 5 வயதுக்குக் கழுத்தில்லாத, உருண்டையான ஆந்தை ரக உயிர். முட்டையை நிமிர்த்தி வைத்து, இரண்டு பெரிய கண், இரண்டு கொம்பு. இறக்கை மடங்கியே இருக்கட்டும்.

6லிருந்து 8 வரை தீப்பறவையை விடச் சிறந்தது இல்லை. சாதாரணப் பறவையின் உடம்புதான், இரண்டே கால். கற்பனையெல்லாம் வாலிலும் கொண்டையிலும் நிறத்திலும் இருக்கிறது. உடம்பு தடுக்கிவிடாததால் குழந்தை வாலில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் விளையாடலாம்.

ஒழுங்கு பிடிக்கும் குழந்தை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரவில்லை என்று அழும் குழந்தை இருக்கிறதே, அதற்கு இருதலைப் பறவை. தாளை இரண்டாக மடித்து விரித்து, உள்பக்கம் ஒரு பாதியில் ஒரு தலை, ஒரு இறக்கை, பாதி வால் என்று மென்மையான பென்சிலில் அழுத்தி வரைந்து, மறுபடி மடித்துப் பின்பக்கம் கரண்டியால் தேய்த்தால் மறுபாதியில் மங்கலாக அச்சு விழும். அதன் மேல் கோடு இழுத்தால் சமச்சீர் தானாக வந்துவிடும்.

கிரிஃபினை 9, 10 வயதுக்குத் தள்ளிவைப்பேன். நாலு கால், இரண்டு இறக்கை என்று மொத்தம் ஆறு உறுப்பு. பார்வைக்கு எது முன்னே, எது பின்னே என்பதைச் சமாளிப்பதற்குள் சின்னக் குழந்தைக்குப் பொறுமை போய்விடும். மேலும் அந்த வயதில்தான் படம் நிஜம் மாதிரி இருக்க வேண்டும் என்ற ஆசை குழந்தைகளுக்கு வருகிறது. சிங்கத்தின் தசையையும் கழுகின் நகத்தையும் பார்த்துப் பார்த்துப் போட அப்போதுதான் மனமிருக்கும்.

பென்சிலில் எச்பி அல்லது 2பி. குழந்தைகள் அழுத்தி வரைவார்கள். எச் வகைக் கடினப் பென்சில் தாளில் பள்ளம் போட்டுவிடும், அழித்தாலும் தடம் போகாது. நிறத்துக்கு மெழுகுக் கிரேயானால் இறகுகளின் விளிம்பை அழுத்தி வரைந்து, அதன் மேல் வாட்டர்கலர் பூசுவது எனக்குப் பிடித்த வழி. மெழுகில் தண்ணீர் ஒட்டாது, இறகுக்கோடுகள் பளிச்சென்று மேலே நிற்கும். சாதாரண ஸ்கெட்ச் பேனாவில் வெளிக்கோடு போட்டுவிட்டு அதன் மேல் தண்ணீர் தொட்டால் மை கலைந்து ஓடும், அதை மட்டும் தவிர்க்கவும். தீப்பறவைக்கு முதலில் மஞ்சள், பிறகு ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு. சிவப்பில் தொடங்கினால் மஞ்சள் அதன் மேல் தெரியவே தெரியாது.

சரி, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால்? 6 வயதுக்கு மேற்பட்ட பெரும்பாலான குழந்தைகளுக்கு, உடம்பும் இறக்கை எலும்பும் வரும் வரை முட்டை வழி, அங்கிருந்து உறுப்பு மாற்றும் வழி. தயங்கும் குழந்தைக்கு அதற்கு முன்னால் ஒரு கிறுக்கல். குறிப்பிட்ட ஒரு கதாபாத்திரத்தைத்தான் வரைய வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று குழந்தையே அடம்பிடித்தால் மட்டும் கோட்டுக்குக் கோடு.

ஒரே மேசையில் வயது கலந்த குழந்தைகள் உட்கார்ந்திருந்தாலும் இதே ஏற்பாடு நடக்கும். எல்லோரும் ஒரே முட்டையில் தொடங்கட்டும். சின்னது அதில் கண் வைத்துக் கொம்பு வைத்து முடித்துவிட்டு நிறத்துக்குப் போய்விடும். நடுவில் இருப்பது தோகையில் மூழ்கியிருக்கும். பெரியது இன்னும் சிங்கத்தின் விலாவில் ரோமம் போட்டுக்கொண்டிருக்கும். சின்னவர்களுக்கு மட்டும் பெரிய தாளாகக் கொடுங்கள். அவர்களுடைய கோடு தோளிலிருந்து வருகிறது, இடம் அதிகம் வேண்டும்.